கதவு பூட்டியிருக்கிறது

ஆகஸ்ட் 9, புதன்

நாளை ஆலப்புழை போகிறோம். சனிக்கிழமை அங்கே படகுப் போட்டி. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். என் பேத்தி தாரிகாவும் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்குப் போன வாரம் திடீரென்று தோன்றியது. நாகர்கோவிலில் பிறந்து, இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, அறுபத்தெட்டு வயதுவரை எனக்கே அதைப் பார்க்கத் தோன்றாதது ஏன் என்று ஆராய இங்கே இடமில்லை. இந்த டைரியில் நாளுக்கு ஒரு பக்கம்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

டைரி வக்கீல் சங்கம் கொடுத்தது. நான் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதியின் மேசைக்குப் போகும் காகிதமும் அங்கிருந்து திரும்பும் காகிதமும் சிரஸ்தாரின் கையைத் தொட்டுத்தான் போகும். ஓய்வுக்குப் பிறகும் அந்தக் கைக்கு வருடத்துக்கு ஒரு டைரி கிடைத்துவிடுகிறது.

பால்காரரிடம் சொல்லியாயிற்று. பத்திரிகையை நிறுத்தியாயிற்று. துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டு ரோஸ்மேரி டீச்சரிடம் சொன்னேன். எங்கே போகிறோம் என்பதைச் சொல்லவில்லை. யாராவது வந்து கேட்டால், தெரியாது என்று அவர் மனமறிய உண்மையே சொல்லலாம். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிற ஒரு பெண்மணியைப் பொய் சொல்ல வைப்பது நல்ல அண்டை வீட்டானுக்கு அழகல்ல.

தாரிகா தன் பையைத் தானே அடுக்கினாள். மூன்று நாள் பயணத்துக்குப் பள்ளிச் சீருடை, வண்ணப் பென்சில் டப்பா, நடனத்துக்கு வாங்கிய சலங்கை, அவள் அம்மா பூ வேலை செய்து கொடுத்த தலையணை உறை எல்லாம் எதற்கு என்று கேட்டேன். "எல்லாம் வேணும் பாட்டா" என்றாள். எட்டு வயதுக்காரர்கள் பை அடுக்குவதில் தர்க்கம் எதிர்பார்க்கக் கூடாது. ஜிப் மூடவில்லை. நான் முழங்காலை வைத்து அமுக்கி மூடினேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தாரிகா பாறசாலை தாண்டியதும், இப்போது நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டாள். கேரளம் என்றேன். ஒரு காலத்தில் நம் ஊரும் இதோடு சேர்ந்துதான் இருந்தது, பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தாலுகாக்களைப் பிரித்துக்கொண்டார்கள் என்று விளக்கினேன்.

"தாலுகாட்ட கேட்டாவளா?"

தாலுகாவிடம் யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவள் அதற்கு மேல் வரலாற்றில் ஆர்வம் காட்டவில்லை. இன்னும் சில நிலையங்கள் கழித்து, அம்மாவுக்கு ஆலப்புழை தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். கல்யாணமான புதிதில் ரமணனும் சுகந்தியும் அங்கேதான் போயிருந்தார்கள். ஆகவே நான் சொன்னது உண்மை. அவள் திருப்தியாகி முறுக்கு தின்றாள்.

ரமணன் என் மகன். மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலேயே தங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவான். சுகந்தி என் மருமகள். விவாகரத்து வழக்கு முடியும்வரை மருமகள் என்றே எழுதலாம், சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. கோயம்புத்தூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் வேலை கிடைத்துப் போய் ஒரு வருடமாகிறது. வீடு பார்த்து, பள்ளியில் இடம் வாங்கிவிட்டுத்தான் குழந்தையைக் கேட்டாள். சனிக்கிழமை காலை தாரிகாவை அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது. படகுப் போட்டியும் சனிக்கிழமையில் வருவது தற்செயல்.

போட்டிக் காலத்தில் ஆலப்புழையில் அறை தேடுவது பற்றிப் பயண நூல்கள் எழுதுகிறவர்கள் எச்சரிக்க வேண்டும். ஓட்டல்காரர்கள் வாடகையைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பரிவோடு பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு வாய்க்கால் ஓரத்தில் திரேஸ்யம்மா என்பவரின் வீட்டில் மாடி அறை கிடைத்தது. விதவை, பிள்ளைகள் வளைகுடாவில். எங்கள் பக்கத்து மலையாளத்தில் நான் பேச, அவருடைய தமிழில் அவர் பேச, இரண்டு பேருக்கும் பாதி புரிந்தது. குட்டியின் அம்மா எங்கே என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். இதுவும் உண்மை.

இன்று முழுவதும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையில் தாரிகாவுக்கு இரட்டைச் சடை பின்னினேன். கோர்ட்டில் வழக்குக் கட்டுகளை நூல் போட்டுக் கட்டிய கைக்கு இது கடினமான வேலையல்ல. வகிடுதான் நேராக வருவதில்லை. சுகந்தி போன புதிதில் தினமும் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை பின்னிக்கொண்டிருப்பேன். இப்போது வேனுக்கு முன்னால் நாங்கள் வாசலில் நிற்கிறோம். இந்தத் திறமையைச் சனிக்கிழமைக்குப் பிறகு எதற்குப் பயன்படுத்துவது என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

படகுகள் பயிற்சி எடுப்பதைப் பார்க்கப் போனோம். சுண்டன் வள்ளம் என்கிறார்கள், பாம்பு போல நீளமான படகு. நூறு ஆட்கள் ஒரே மூச்சில் துடுப்பைப் போடுகிறார்கள், நடுவில் சிலர் உலக்கை மாதிரி ஒரு கட்டையால் பலகையை இடித்துத் தாளம் கொடுக்கிறார்கள். நூறு மலையாளிகளை ஒரே கருத்துக்குக் கொண்டுவந்த வேறு ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரியாது. தாரிகா எல்லாப் படகுக்கும் கை காட்டினாள். திருப்பிக் கை காட்டினால் துடுப்பு தவறிவிடும் என்பதால் யாரும் காட்டவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதியம் ரமணன் கூப்பிட்டான். நாளை காலை சுகந்தி கோர்ட் அமீனாவோடு நாகர்கோவில் வீட்டுக்கு வருவாள், வீட்டில் ஆள் இல்லை என்று ஆனபிறகு திங்கட்கிழமை அவனுடைய வக்கீல் மேல்கோர்ட்டில் தடை உத்தரவு கேட்பார், செவ்வாய் சுதந்திர தினம், ஆகவே கொஞ்சம் காலம் கிடைக்கும் என்றான். இதையெல்லாம் நானே அறிவேன். இதில் எவ்வளவு நாள் இழுக்கலாம் என்று அவன் கேட்டதற்கு, இது குழந்தை சம்பந்தப்பட்டது, நிலத்தகராறு இல்லை என்றேன்.

"இப்பம் இப்பிடிச் சொன்னா எப்பிடிப்பா? கதவு பூட்டிக் கெடந்தா ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொன்னதே நீங்கதான. நான் படகுப் போட்டிக்கு டிக்கெட்டு எடுக்கச் சொன்னேனா?"

சிக்னல் சரியில்லாததால் பேச்சை முடித்துக்கொண்டோம். தாரிகாவிடம் பேச வேண்டும் என்று அவன் சொல்ல மறந்துவிட்டான்.

கதவு பூட்டிக் கிடப்பதைப் பற்றி ஒரு விளக்கம். கோர்ட் உத்தரவை ஆளிடம் நேரில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அமீனா. ஆள் அகப்படாவிட்டால் அமீனா திரும்பி வந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதற்கு ஒரு வாசகம் உண்டு: 'கதவு பூட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் எங்கே போனார் என்று தெரியவில்லை என்றார்கள்.' இந்த வாசகத்துக்கு முன்னால் நீதிபதிக்கும் வேலையில்லை, அடுத்த தேதி கொடுப்பதைத் தவிர. வேண்டியவர்கள் விஷயத்தில், ஆள் உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே கதவு பூட்டியிருப்பதாக எழுதுகிற அமீனாக்களும் உண்டு. நாளை வரப்போகிறவன் செல்லத்துரை. அவன் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வாசகத்தை எழுதக் கற்றுக்கொடுத்தது நான். 'என்றார்கள்' என்று முடிக்க வேண்டும், 'என்றார்' என்று முடித்தால் யார் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான்.

உத்தரவுகளில் இன்னொரு வாசகமும் வரும். 'குழந்தையின் நலனே முதன்மையானது.' எத்தனையோ தீர்ப்புகளில் இதைச் சரிபார்த்து முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறேன். எந்தக் குழந்தையும் நகல் கேட்டு மனுப் போட்டதில்லை.

மாலையில் அறைக்குத் திரும்பினால், எங்கள் இரண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டில் கிடந்தது. வெள்ளை விரிப்புப் போட்டிருந்தது. அதன் மேல் அந்தப் பூ வேலை செய்த உறையைப் போட்டு ஒரு தலையணை. திரேஸ்யம்மா படியேறி வந்து சொன்னார்:

"மோளுடெ அம்மைக்கு ஒரு கட்டில் கூடி இட்டிட்டுண்டு, கேட்டோ. நாளெ வருமல்லோ."

அம்மா நாளை வருவாள் என்று குழந்தை சொன்னாளாம். கட்டிலுக்குத் தனி வாடகை வேண்டாம் என்றும் சொன்னார். நான் தாரிகாவைப் பார்த்தேன். அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சனிக்கெழம வந்து என்னயக் கூட்டிட்டுப் போவேன்னு அம்மா போன்ல சொன்னா. நீங்களும் சனிக்கெழம போட்டிக்குப் போவோம்னு சொன்னிய. அப்பம் அம்மா இங்கதான வருவா?"

பையில் சீருடை இருந்ததற்கும் சலங்கை இருந்ததற்கும் தர்க்கம் உண்டு.

நான் "பாப்போம் மக்ளே" என்றேன். எங்கள் ஊரில் பெரியவர்கள் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று குழந்தைகளுக்குத் தெரியும். இவளுக்கு இன்னும் தெரியவில்லை. நான் இதற்கு முன்னால் இவளிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 12, சனி

காலை. மழை இல்லை. கைப்பேசியை அணைத்து வைத்தேன். பேட்டரி சிக்கனம்.

மாலை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

திரேஸ்யம்மா புட்டும் கடலையும் கட்டிக்கொடுத்தார். மூன்று பொட்டலம். நீர்ப்பரப்பின் ஓரத்தில் கட்டியிருந்த மரப்படிகளில், நடுப்படியில் இடம் கிடைத்தது. தாரிகா எங்கள் பக்கத்தில் ஓர் இடத்தைக் குடையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த ஒரு தடித்த மனிதர், அங்கே யார் என்று கேட்டார். ஆள் வரும் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். ஆள் வரும் என்று நானும் தலையை ஆட்டினேன். வியாழக்கிழமை வைத்திருந்த கணக்கு அத்தோடு முடிந்தது.

பத்து மணிக்கு நாகர்கோவிலில் என்ன நடக்கும் என்பதை நான் பார்க்காமலே எழுத முடியும். கோர்ட் ஜீப் தெருமுனையில் நிற்கும். செல்லத்துரை இரும்புக் கேட்டைத் தட்டுவான். பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு விடுவான். ரோஸ்மேரி டீச்சர் வெளியே வந்து தெரியாது என்று சொல்வார். சுகந்தி எங்கே நிற்பாள் என்பதை மட்டும் என்னால் ஊகிக்க முடியவில்லை. வழக்கமாக அறிக்கையில் மனுதாரர் எங்கே நின்றார் என்று எழுதுவதில்லை.

ஒரு பையன் பிளாஸ்டிக் பைனாகுலர் விற்றுக்கொண்டு வந்தான். தாரிகா கேட்டாள், வாங்கிக்கொடுத்தேன். சின்னப் படகுகளின் போட்டி தொடங்கிப் பாட்டும் விசிலும் கிளம்பின. படியில் எல்லோருடைய தலையும் ஒன்றாக இடமிருந்து வலமாகத் திரும்பியது, அடுத்த போட்டிக்கு மறுபடியும் இடமிருந்து வலமாக. தாரிகாவின் பைனாகுலர் மட்டும் திரும்பவில்லை. அவள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள். ஒரு முனையில் தொடங்கி முகம் முகமாகப் போவாள், படகு குறுக்கே வந்து மறைத்தால் நிறுத்துவாள், போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பதற்றமே இல்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒழுங்காகக் கட்டுகளைத் தேடுகிற குமாஸ்தா ஒருவர்கூட இருந்ததில்லை.

அந்தப் பொம்மைக் கண்ணாடியில் எதிர்க்கரை ஒரு வண்ணக் கூழாகத்தான் தெரியும். நான் வாங்கியதும் போட்டுப் பார்த்திருந்தேன்.

மதியம் மூன்று பொட்டலத்தில் இரண்டைச் சாப்பிட்டோம். மூன்றாவதைக் குடைக்கடியில் வைத்தாள்.

இறுதிப் போட்டிக்குச் சுண்டன் வள்ளங்கள் வரிசைக்கு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தூக்கச் சொன்னாள். முதுகுவலிக்காக மருத்துவர் என்னைத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்றிருக்கிறார். தூக்கித் தோளில் உட்காரவைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஒசத்துங்க பாட்டா. அம்மாக்கு என்னயத் தெரியணும்லா."

அவளுக்கு அம்மாவைப் பார்ப்பது மட்டும் போதவில்லை. அம்மா தன்னைப் பார்க்க வேண்டும் என்பதும் இருந்தது. நான் குதிகாலை உயர்த்தி நின்றேன். வெடி போட்டார்கள். புத்தன்கரி, மேலேத்தறை என்று இரண்டு படகுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பக்கத்திலிருந்த தடித்த மனிதர் எந்தப் படகுக்காகவோ அழுதார். படகுகள் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது யார் முந்தியது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, படம் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒரு தலைமுடி அகலத்தில் மேலேத்தறை என்று அறிவித்ததும், மறுதரப்பு முறையீடு செய்வோம் என்று கத்தியது. சாதாரண நாளாக இருந்தால் என் தொழில் தண்ணீரிலும் தழைக்கிறதே என்று மகிழ்ந்திருப்பேன்.

கூட்டம் கலையத் தொடங்கியது. எதிர்க்கரையில் ஜனங்கள் படிகளில் இறங்கிப் போவது பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது. தோளிலிருந்தவளின் கால்கள் என் மார்பில் இறுகின.

"எல்லாரும் போறாவ பாட்டா. நம்மளக் காணலன்னு அம்மாவும் போயிருவா."

அழவில்லை. அழுதிருந்தால் மிட்டாய் வாங்கிக்கொடுத்திருப்பேன். அதற்கு என்னிடம் வழி இருந்தது.

அவளை இறக்கி உட்காரவைத்து, கைப்பேசியை இயக்கினேன். சுகந்தி பல முறை கூப்பிட்டிருந்தாள். ரமணன் ஒரு முறை. சுகந்தியின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஆலப்புழைல இருக்கோம் சுகந்தி. பிள்ள நல்லாருக்கா" என்றேன். வேறு ஏதோ சொல்லத் தயாரித்திருந்தேன். வாக்கியம் பெரிதாக இருந்ததால் வரவில்லை. தாரிகா கையை நீட்டினாள், கொடுத்தேன்.

"அம்மா, நீ எந்தக் கரைல நிக்க? நாங்க இந்தக் கரைல நிக்கோம்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. தாரிகா 'ம்' என்றாள், இன்னொரு 'ம்', சாப்பிட்டேன் என்றாள், உனக்குப் புட்டு இருக்கு என்றாள். கடைசியாக, "இல்ல, பாட்டா ஏசல. தோள்ல தூக்கிட்டு நின்னாவ" என்றாள்.

போனை என்னிடம் திருப்பித் தந்து, அம்மா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாளாம், நாளை காலை வருவாளாம் என்று தெரிவித்தாள்.

சுகந்தி எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலையில் தலை பின்னும்போது வகிடு நேராக வர வேண்டும் என்று மூன்று தடவை கலைத்துப் பின்னினேன். வரவில்லை.

சுகந்தி எட்டு மணிக்கு வந்தாள். நேற்றுக் கட்டிய சேலையாக இருக்க வேண்டும். வாய்க்கால் பாலத்தில் வருவதை மாடியிலிருந்து பார்த்துவிட்டுத் தாரிகா இறங்கி ஓடினாள். நான் இறங்கவில்லை. திரேஸ்யம்மாதான் வரவேற்றார். கீழே மூன்று பேரும் பேசுகிற சத்தம் கேட்டது. ஒருவர் தமிழ், ஒருவர் மலையாளம், ஒருத்தி இரண்டுக்கும் மொழிபெயர்ப்பாளர். அம்மாவுக்காகப் போட்ட கட்டிலைக் காட்ட வேண்டும் என்று தாரிகா அவளை மேலே இழுத்து வந்தாள்.

சுகந்தி கட்டிலைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். ஓரத்தில் உட்கார்ந்தாள். தாரிகாவின் தலையைப் பிடித்துத் திருப்பி, கோணல் வகிட்டை விரலால் தடவினாள். கலைத்துத் திரும்பப் பின்னுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டாள்.

குழந்தை, அம்மாவுக்காக எடுத்துவைத்த புட்டு கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கக் கீழே போனதும், எனக்கு வர வேண்டியது வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை. கேட்டில் பூட்டைப் பார்த்ததும் குழந்தைக்கு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், நீங்கள் இருக்கும்போது வேறு எதுவும் தோன்றவில்லை என்றாள். ஊரிலிருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போயிருக்கிறாள். அங்கெல்லாம் இல்லை என்று தெரிந்தபிறகுதான் மற்றது புரிந்ததாம்.

"உங்க மகன் செஞ்சிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல மாமா. ரெண்டு நாள் பிள்ளகூட இருக்கணும்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா தந்திருப்பேன். லீவுக்கெல்லாம் இங்கயே விடணும்னுதான் நெனச்சிட்டிருந்தேன். கேட்டா கெடைக்கிறத களவாண்டுட்டிய."

இந்த வாதத்துக்கு எதிர்வாதம் எங்கள் கோர்ட்டில் யாரும் செய்து நான் கேட்டதில்லை. நான் குழந்தையின் பையை எடுத்துவந்து கொடுத்தேன். சலங்கை உள்ளே சத்தம் போட்டது. தலையணை உறையை உருவி மடித்து மேலே வைத்தேன். இந்த முறை ஜிப் மூடியது.

கோர்ட் விஷயத்தையும் சொன்னாள். அமீனாவின் அறிக்கையை வைத்துத் தன் வக்கீல் மனுப் போடுவார், அதில் ரமணன் பெயரோடு என் பெயரும் இருக்கும், திரும்பப் பெறமாட்டேன் என்றாள். திரும்பப் பெற வேண்டாம் என்று சொன்னேன். என் வயதை யோசிக்காதே என்றும் சொல்ல நினைத்தேன். அவள் யோசித்த மாதிரி தெரியாததால் சொல்லவில்லை.

படகுத்துறைவரை போனேன். தாரிகாவுக்கு நான் வராதது விளங்கவில்லை. எல்லோரும் சேர்ந்துதான் கோயம்புத்தூர் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

"நீங்க எப்பம் வருவிய பாட்டா?"

பாப்போம் என்று வாய்வரை வந்தது. "அம்மாட்ட கேட்டுட்டு வாறேன்" என்றேன். சுகந்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

திரேஸ்யம்மா மூன்று கட்டிலில் இரண்டை எடுத்துப் போட ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஊர் வந்து சேர்ந்தேன். துளசி நன்றாக இருக்கிறது. ரமணன் வந்து, காலம் முழுக்கக் கோர்ட்டில் குப்பை கொட்டியவருக்கு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியவில்லையே என்றான். மகள் எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்பதற்காகச் சற்றுக் காத்திருந்தேன். கடையில் லோடு இறங்குகிறது என்று போய்விட்டான்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பள்ளி வேன் இன்றும் வந்து ஹாரன் அடித்தது. கொடியேற்றமாம். வண்டிக்காரரிடம் இனி வர வேண்டாம் என்று சொல்ல மறந்திருக்கிறேன். வெளியே போய்ச் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, புதன்

பதினோரு மணிக்கு யாரோ கேட்டைத் தட்டினார்கள். செல்லத்துரை. கக்கத்தில் பை. என்னைப் பார்த்ததும் தபால்காரனைப் போல உற்சாகமாகச் சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டான்.

உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. தன் மகன் வேலை, மகள் கல்யாணம், பணி ஓய்வுக்கு இன்னும் எவ்வளவு என்று என்னவெல்லாமோ பேசினான். கடைசியில் பையைத் திறந்து ஒரு நோட்டீசை வெளியே எடுத்து, அதை என்னிடம் நீட்டாமல் மறுபடியும் பைக்குள் பாதி செருகினான். உத்தரவு தெரிந்திருந்தும் குழந்தையை வேண்டுமென்றே அப்புறப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. முதல் பெயர் ரமணன், இரண்டாவது நான். படிக்காமலே தெரியும், இந்த நோட்டீசின் மாதிரியைத் தட்டச்சு செய்து அலுவலகத்தில் வைத்தவன் நான்.

அன்றைக்குக் கேட்டருகில் சுகந்தி எங்கே நின்றாள் என்று கேட்டேன். அவன் சற்று யோசித்தான். நிற்கவில்லை சார், கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்றான். அதை அறிக்கையில் எழுதினாயா என்றேன். இல்லை என்றான். எழுத வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

பிறகு அவன் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், நீங்க உள்ள போயி கதவச் சாத்திக்கிடுங்க. நான் பூட்டியிருக்குன்னு எழுதிட்டுப் போறேன். ஓணம் முடிஞ்சு பாத்துக்கிடலாம்."

பழைய மரியாதை. என் கையைத் தொட்டுப்போன எத்தனையோ காகிதங்களுக்கு நான் காட்டியது. மறுத்தால் அவன் மனம் நோகும் என்று ஒரு கணம் நினைத்தேன். நல்ல காரணம்தான். நல்ல காரணங்கள் எனக்கு எப்போதும் உடனே கிடைத்துவிடுகின்றன.

கேட்டின் இரண்டு கதவுகளையும் முழுக்கத் திறந்து வைத்தேன்.

"ஆள் இருக்கு செல்லத்துரை. எழுது" என்றேன்.

நோட்டீசை வாங்கிக்கொண்டேன். நேரில் வாங்கியவரின் கையெழுத்து எந்த இடத்தில் என்று அவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பித் தேடினான். நான்தான் காட்ட வேண்டியிருந்தது.